எந்தக் காலால் பஸ் ஏறினான்?

மகன்,

இதைக் கையால் எழுதுகிறேன். தட்டச்சில் அடித்தால் என் கை தன்பாட்டில் எதையாவது திருத்திவிடும். அந்தக் கையை நம்பக்கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவு பக்கமும். நீ தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். நல்லது, ஆறுதலாக வாசி. பாதியில் அலுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்து "வாசிச்சுச் சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டுவிடாதே. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கம் நகரத்திலிருந்து ஆரணியின் தகப்பன் ரெலிபோன் எடுத்தபோது நீ எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாய். மண்டபம், ஐயர், சாப்பாட்டுக்காரர் எல்லாம் பேசி முடித்த பிறகு மனிதர் கொஞ்சம் இழுத்தார். "அண்ணை, குறை நினைக்கக் கூடாது. பொம்பிளைப் பிள்ளையைப் பெத்த ஆக்கள் கேக்கிறதுதானே. தம்பியைப் பற்றி நாங்கள் தெரிஞ்சிருக்க வேண்டியது ஏதும் இருக்கோ?" என்றார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சேச்சே, ஒண்டுமில்லை. நல்ல பிள்ளை" என்றேன். ரெலிபோனை வைத்ததும் நீ என் தோளில் கையை வைத்து ஒருதரம் அழுத்திவிட்டு எழும்பிப் போனாய். அது நன்றி என்று எனக்கு விளங்கியது. அந்தத் தோள் இன்னும் கூசுகிறது.

நான் அவருக்குச் சொல்லாமல் விட்டது என்னவென்று உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். இருபத்திரண்டு வயதில் நீ குசினியில் அடுப்படி நிலத்தில் விழுந்து கைகால் இழுத்துக் கிடந்தாய். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தரம். வலிப்பு. இந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயால் சொன்னதில்லை, நானே இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன். அன்றிலிருந்து இராச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மருந்துக் குளிசை. ஆறு வருடமாக உனக்கு ஒன்றும் வரவில்லை, சந்தோசம். ஆனால் குளிசை நிற்கவில்லை, நிற்கப்போவதும் இல்லை. "கலியாணம் முடியட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லலாம். இப்ப சொல்லி ஏன் வில்லங்கத்தை விலைக்கு வாங்குவான்?" என்பது அம்மாவின் கதை. "சொல்லத்தான் போறன் அப்பா, டைம் பாக்கிறன்" என்பது உன் கதை. பதினொரு மாதமாக டைம் பார்க்கிறாய். கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.

அதற்கு முதல் கிழமை ஆரணியைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்டாய். நல்ல பிள்ளை என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா, நீங்கள் எல்லாரையும் நல்ல பிள்ளை எண்டுதான் சொல்லுவியள். தபால் கொண்டுவாறவனும் நல்ல பிள்ளை, பக்கத்து வீட்டு நாயும் நல்ல பிள்ளை. சீரியஸாச் சொல்லுங்கோ" என்றாய். நாயைப் பற்றி நான் அப்படிச் சொல்லவில்லை. மற்றபடி நீ சொன்னது சரி. அது எனக்குத் தொழிலால் வந்த வியாதி.

யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பள்ளிக்கூடக் கிளாக்கராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என் முக்கியமான வேலை, விட்டுப்போகிற பிள்ளைகளுக்கு விடுகைப் பத்திரம் அடித்துக் கொடுப்பது. அதில் கடைசி வரி, நடத்தை. அந்த இடத்தில் நான் "நன்று" என்பதைத் தவிர வேறு சொல் அடித்ததே இல்லை. விஞ்ஞான மாஸ்டரின் சைக்கிளைக் கிணற்றுக்குள் போட்டவனுக்கும் நன்று, இறங்கி அதை எடுத்துக் கொடுத்தவனுக்கும் நன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருதரம் அதிபரிடம் கேட்டேன். "ஒரு பிள்ளையின்ர வாழ்க்கையில நாங்கள் ஏன் ஐசே மண் அள்ளிப் போடுவான்? நன்று எண்டு அடியும்" என்றார். அதைப் பெரிய தர்மமென்று நினைத்து நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டேன். காகிதத்தில் ஒருவனைப் பற்றிக் கெட்டது எழுதுவது பாவம். இதுதான் நான் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து.

எண்பத்திமூன்று கலவரத்துக்குப் பிறகு எல்லாரையும் போல நாங்களும் வெளிக்கிட்டு, அடுத்த வருடம் ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரு அறை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். உனக்கு ஐந்து வயது. நான் பின்னேரங்களில் ஒரு அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்தேன். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கிற மெஷின்கள் இருந்தன. காயவைக்கிற மெஷின் ஒன்று சூடாகாது. பழுது என்று அதில் எழுதி ஒட்ட ஒருவரும் இல்லை, அம்மா ஒவ்வொரு கிழமையும் அதற்குள் உடுப்பைப் போட்டுவிட்டு என்னைத் திட்டினாள். நான் துடைக்கப் போன அலுவலகத்தில் யாரோ ஒரு பெண்ணின் தட்டச்சில், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, நாலே வரியில் ஒரு அறிவித்தல் அடித்துக் கொண்டுவந்து ஒட்டினேன். இரண்டு பக்கமும் விளிம்பு அளந்தெடுத்த மாதிரி இருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளைக்காரர் பராமரிப்பாளரிடம் விசாரித்துக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினார். கையில் என் அறிவித்தல். "இதை அடித்தது யார்?" என்றார். அலுவலகத்திலிருந்து பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைப் பாதி சாத்தினேன்.

அவர்தான் ஹெர்மன். பதினாறாம் மாடி. ஐம்பது வயது இருக்கும், வாசலை அடைத்த தோள், வலது முழங்கால் முழுதாக மடங்காது. முந்தி ஜேர்மனியில் உதைபந்தாட்டத்தில் முன்வரிசை ஆட்டக்காரராக இருந்தவர், இப்போது ஆட்டக்காரரைத் தேடிப் பிடிக்கிறவர். ரொறொன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்குகளில் நடக்கிற ஆட்டங்களைப் போய்ப் பார்த்து, தேறக்கூடிய பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுதி லண்டனில் ஒரு முகவர் அலுவலகத்துக்கு அனுப்புவார். அவர்கள் அதை ஐரோப்பியக் கழகங்களுக்குக் கொடுப்பார்கள். அவர் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கு இறங்கியவர். பேச்சு ஆங்கிலம் எப்படியோ ஓடும், எழுத்து ஓடாது. எனக்குச் சுருக்கெழுத்தும் தெரியும் என்று கேள்விப்பட்டதும் மனிதர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் விரல் நொந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை தன்னுடைய பழைய தட்டச்சைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதன்பிறகு செவ்வாய் மத்தியானம் எங்கள் வீடு அவருடைய அலுவலகம். அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவருடைய ஆங்கிலத்தைவிட என் தமிழ் திருத்தமாக இருக்கும், பழக்கம் போகாது.

அவருடைய வேலைமுறை எனக்கு முதலில் விசர் வேலையாகத் தெரிந்தது. பந்தைப் பார்க்க மாட்டார். ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒருவனைத்தான் பார்ப்பார், தொடங்கமுதல் சப்பாத்துக் கட்டுவதிலிருந்து, முடிந்து வீட்டுக்குப் போகும்வரை. ஒருவனை மூன்று தரம் பார்க்காமல் எழுத மாட்டார், அதில் ஒருதரம் மழையாக இருக்கவேண்டும். அறிக்கையில் நல்ல, கெட்ட, கெட்டிக்கார என்று ஒரு சொல்லும் வரக்கூடாது, அவன் செய்ததை மட்டும் எழுதவேண்டும். "பந்தைப் பறிகொடுத்தான். நின்றான். இடுப்பில் கை வைத்தான்." இப்படியே ஒன்றரைப் பக்கம். கடைசி வரியில் முடிவு, ஒரே ஒரு சொல்: ஆம், இல்லை, பொறு. அம்மா ரெலிபோனில் யாருடனோ "ஓம், ஓம், ஓம்" என்று கதைப்பதைக் கேட்டு அது என்ன என்று விசாரித்துப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆம் என்ற முடிவு வருகிற நாட்களில் "ஓம்" என்று பெரிய குரலில் சொல்லுவார், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை ஏழெட்டுத் தரம் கேட்டிருப்பேன். மற்றதெல்லாம் இல்லைதான்.

உன்னையும் ஒருதரம் பார்த்தார், உனக்கு ஞாபகம் இருக்காது. நீ நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் பந்தை உதைத்துக்கொண்டு திரிந்தாய். "இவன் ஒரு பெரிய ஆட்டக்காரனா வருவானோ எண்டு அந்தாளிட்டைக் கேளுங்கோ" என்று அம்மா ஆசையோடு நச்சரித்தாள். ஹெர்மன் கதவடியில் நின்று பத்து நிமிடம் உன்னைப் பார்த்தார். மிகுந்த மரியாதையோடு, "இல்லை" என்றார். அம்மா இரண்டு கிழமை அந்த மனிதருக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். தன்னுடைய கதையைச் சொன்னார். சுரங்க ஊரின் சின்னக் கழகத்துக்கு ஆறு வருடம் முன்வரிசையில் ஆடியிருக்கிறார். தலையால் அடிக்கிற கோல்தான் அதிகம். இருபத்துமூன்று வயதில் பெரிய நகரத்துக் கழகம் ஒன்று கேட்டு வந்தது. அப்போதே முழங்காலில் நோ. இவர் மறைத்தார், இவருடைய பயிற்சியாளரும் மறைத்து, "மிக நல்ல நிலையில் இருக்கிறார், நல்ல குணம்" என்று கடிதம் கொடுத்தார். பெரிய கழகத்தில் பதினொரு ஆட்டம் ஆடினார். பன்னிரண்டாவது ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது. பிறகு நொண்டி நொண்டிச் சின்னக் கழகங்களில் இரண்டு வருடம், பிறகு ரொறொன்ரோவில் ஜேர்மன்காரர் நடத்திய ஒரு ரீம், பாண் தொழிற்சாலையில் வேலை, அதற்குப் பிறகு இது. "நான் ட்ராம் ஏறுவதை ஒரே ஒருவன் கவனித்திருந்தால், ஆறு மாதம் இருத்தி வைத்து மருந்து செய்திருப்பார்கள். எனக்குப் பத்து வருடம் கிடைத்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

எண்பத்தியாறு வசந்தத்தில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹெர்மனுடைய அந்தப் பழைய சுரங்க ஊர்க் கழகம், முதல்முறையாக, அவர் பார்த்துச் சொல்கிற ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் வேண்டும் என்று கேட்டிருந்தது. அவன் சரிவந்தால், ஆள் தேடும் பொறுப்பை ஹெர்மனுக்கே கொடுத்து ஊருக்கு அழைப்பதாகவும் எழுதியிருந்தார்கள். ஆவணிக்கு முதல் ஆள் வேண்டும். அந்த ஊரில் அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். வீட்டின் மேல்மாடியை இருபது வருடமாக இவருக்கென்று வைத்திருந்தாளாம். அந்தக் கடிதத்தை என்னைக்கொண்டு மூன்று தரம் வாசிப்பித்தார். போக வேண்டும் என்ற ஆசை முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

பவுலோ என்று ஒரு பெடியன். இருபது வயது, போர்த்துக்கேயர், தகப்பன் கல் கட்டுகிற மேசன். மூன்றாவது தரம், மழை ஆட்டத்துக்கு, நானும் ஹெர்மனோடு போனேன். பவுலோ இரண்டு கோல் அடித்தான். எனக்கு உதைபந்தாட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது, நானே துள்ளினேன். அவனுடைய தகப்பன் எங்களிடம் வந்து, தன்னுடைய குடையை என் தலைக்கு மேலே பிடித்து, சூடான கோப்பி ஊற்றித் தந்தார். விரலெல்லாம் சீமெந்து வெடிப்பு. "அந்த ஜேர்மன்காரரிடம் சொல்லுங்கள், என் மகன் நல்லவன்" என்றார். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் ஹெர்மன் அசையவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பஸ் தரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது, பவுலோ ஏறினான், ஹெர்மன் கொப்பியை எடுத்து எழுதினார். நான் என் நனைந்த காலுறையைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன்.

செவ்வாய்க்கிழமை அறிக்கை சொன்னார். ஒன்றரைப் பக்கமும் நன்றாகத்தான் போனது. கடைசியில் இப்படி: "ஆட்டம் முடிந்து பஸ் ஏறினான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தான். வலது காலை வைத்தான். இடது காலை இழுத்து அதே படியில் சேர்த்தான். மூன்று படியும் அப்படியே. ஏறமுதல், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தான். மூன்று ஆட்டத்தில் மூன்று தரமும். இடது முழங்காலைச் சோதிக்கவும். பொறு." நான் பென்சிலை வைத்துவிட்டேன். "அவர்கள் பொறுக்க மாட்டார்கள். ஆவணிக்கு வேறு ஒருவனை எடுத்துவிடுவார்கள். உங்கள் வேலையும் போகும், அக்கா வீடும் போகும்" என்றேன். "தெரியும்" என்றார். "எழுது" என்றார். பிறகு எழும்பி, காலை இழுத்துக்கொண்டு போனார்.

அம்மா குசினியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் விளங்கப்படுத்தினேன். "உதென்ன கூத்து! பஸ் ஏறினதும் ஒரு எழுத்தோ?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, அந்தாள் சொன்னதைச் சொன்னபடி அடியுங்கோ. உங்கட கிளாக்கர் வேலையைக் காட்டாதேங்கோ" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

நான் காட்டினேன். முதலில் பஸ்ஸை எடுத்தேன். உதைபந்தாட்ட அறிக்கையில் பஸ்ஸுக்கு என்ன வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ் போன பிறகு, முழங்காலைச் சோதிக்கவும் என்பது காரணமில்லாமல் நின்றது, அதையும் எடுத்தேன். அதற்குப் பிறகு "பொறு" என்ற சொல் அந்தரத்தில் தொங்கியது. அதை "ஆம்" ஆக்கினேன். அதோடு விட்டேனா? தாளில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. என் விரல் தன்பாட்டில் போய் ஆங்கிலத்தில் அடித்தது: நடத்தை, நன்று. அந்த மேசனின் கோப்பியும் ஹெர்மனின் அக்காவும் அந்தப் பெடியனின் இரண்டு கோலும், மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புண்ணியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். ஹெர்மன் அடுத்த நாள் வந்து கையெழுத்துப் போட்டார். நான் அடித்ததை அவர் ஒருநாளும் வாசித்துப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

கழகம் பவுலோவை எடுத்தது. அவர்களே முழங்காலைச் சோதித்துச் சரியென்று கண்டபிறகுதான் எடுத்திருப்பார்கள் என்று ஹெர்மன் நினைத்தார். ஒரு பெரிய கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "ஓம், ஓம், ஓம்" என்று அம்மாவைப் போலவே சொல்லிக் காட்டினார். நீ கைதட்டினாய். நான் அந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டேன், மகன். தொண்டையில் இறங்கியது.

பவுலோ அங்கே மூன்றாவது ஆட்டத்தில் விழுந்தான். இடது முழங்கால். இரண்டு தரம் வெட்டினார்கள், சரிவரவில்லை. பனி தொடங்குகிற நேரம் கழகம் ஹெர்மனுக்கு எழுதியது: இது பழைய கோளாறு என்று வைத்தியர் சொல்கிறார், உங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று. ஹெர்மன் அந்தக் கடிதத்தோடும் தன்னுடைய கொப்பியோடும் செவ்வாய்க்கிழமை அல்லாத ஒரு நாளில் வந்தார். அறிக்கையின் பிரதியைத் தரச்சொல்லிக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். வாசித்து முடிய நிமிர்ந்து, சத்தம் போடாமல் கேட்டார்:

"பஸ் எங்கே?"

அவர் கடைசி வரியைத் திரும்பப் பார்த்தார். "நன்று என்றால் என்ன?" என்று கேட்டார். "என் பயிற்சியாளர் கொடுத்த கடிதத்தை உன் வீட்டு மேசையிலும் காண்பேன் என்று நினைக்கவில்லை" என்றார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அதை முழுவதும் குடித்தார், கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்தார். கதவடியில் நின்று, "கையெழுத்து என்னுடையது. கழகத்துக்கு நான் எழுதுகிறேன். பவுலோவின் தகப்பனிடம் நீ போய்ச் சொல். அது உன் வேலை" என்றார். என்னைப் பற்றி ஒரு சொல் அவர் கழகத்துக்கு எழுதவில்லை. அவர்கள் அவருக்கு அதற்குப் பிறகு எழுதவேயில்லை.

நான் பவுலோ வீட்டுக்குப் போனேன். மூன்று தரம் போனேன். அந்தத் தகப்பன் தன் கையால் கட்டிய மதில், வாசலில் இரண்டு பூச்சாடி. மூன்று தரமும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். லிப்ற்றில் கண்டால் ஹெர்மன் கேட்பார், "போனாயா?" "இந்தக் கிழமை போறன்" என்பேன். அவர் ஏழெட்டு மாதம் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் நான் போயிருப்பேனோ என்று யோசிப்பதுண்டு. வெறும் சாட்டு. எண்பத்தெட்டில் அவர் வேறு ஊருக்குப் போனார். பெட்டிகளோடு லிப்ற்றடியில் நின்றபோது அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள், அவளுக்கு "ஓம்" என்றார். எனக்குத் தலையை ஆட்டினார். தட்டச்சை அவர் திரும்பக் கேட்கவேயில்லை, அது இன்றைக்கும் எங்கள் ஸ்காபரோ வீட்டு நிலக்கீழ் அறையில் கிடக்கிறது. நீ அதை எறியலாமா என்று கேட்கும்போதெல்லாம் நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்று இப்போது விளங்கும். அடுத்த வருடம் ஒருநாள் ட்ராமில் இருந்தபோது பவுலோ ஏறினதைக் கண்டேன். கையில் ஊன்றுபொல்லு. வலது காலை வைத்தான், இடது காலை இழுத்துச் சேர்த்தான். இந்தமுறை யாரும் பார்க்கிறார்களா என்று அவன் பார்க்கவில்லை. நான் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன்.

இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் ஒருநாளும் அதை எடுத்து என்மேல் எறிந்ததில்லை. அன்றைக்கு "சொன்னபடி அடியுங்கோ" என்று சொன்ன அதே மனுசிதான் இன்றைக்கு "முடியட்டும், பிறகு சொல்லலாம்" என்கிறாள். அவளைப் பிழை சொல்லாதே. அன்றைக்கு அது வேறு வீட்டுப் பிள்ளையின் முழங்கால். இது அவள் பெற்ற பிள்ளை.

ஆனால் உன்னுடைய "டைம் பாக்கிறன்" என்பதை நான் முந்தி எங்கேயோ கேட்டிருக்கிறேன். அது என்னுடைய "இந்தக் கிழமை போறன்". எதிர்ப்பக்கம் நின்று அந்த வீட்டைப் பார்ப்பது எவ்வளவு சுகமென்று எனக்குத் தெரியும். போகவில்லை என்றும் இல்லை, போனது என்றும் இல்லை. நீ பயப்படுகிறாய். சொன்னால் அவள் போய்விடுவாள் என்று பயப்படுகிறாய், அது எனக்கு விளங்காமல் இல்லை. எனக்கும் பயம்தான். உன் கலியாணம் குழம்பினால் உன் அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

உன்னுடைய வலிப்பு வருத்தத்தை நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. அது உன்னுடைய பஸ், நீதான் சொல்லவேண்டும். ஆனால் "ஒண்டுமில்லை" என்றது என் வாய். அதை நான் எடுக்கவேண்டும். வாற சனிக்கிழமை காலமை பதினொரு மணிக்கு மார்க்கத்துக்கு ரெலிபோன் எடுப்பேன். "நீங்கள் கேட்டதுக்கு நான் யோசிக்காமல் சொல்லிப்போட்டன், மிச்சத்தை மகனிட்டைக் கேளுங்கோ" என்பேன். அதற்கு மேலே ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. உனக்கு நாலு நாள் இருக்கிறது. கோபித்துக்கொள், கத்து, ஒரு மாதம் என்னோடு பேசாமல் இரு, பரவாயில்லை. நான் இன்னொரு தரம் தெருவின் எதிர்ப்பக்கம் நிற்கமாட்டேன்.

இனி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆரணியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். ஹெர்மன் எனக்குச் சொல்லித்தந்த முறையில் எழுதுகிறேன். கெட்டிக்காரி, நல்லவள் என்று ஒரு சொல்லும் இதில் இல்லை, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்காபரோ வீட்டுக்கு மூன்று தரம் இராச் சாப்பாட்டுக்கு வந்தாள். ஒருதரம் மழை. சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கிளாஸில் தண்ணி வார்த்தாள். அதை உன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். நீ அவளிடம் தண்ணி கேட்கவில்லை. எழும்பி யன்னலடிக்குப் போனாள். வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான். நீ சட்டைப்பையில் கையை விட்டுக் குளிசையை எடுத்து, விழுங்கி, கிளாஸைத் திரும்ப வைக்கிற சத்தம் கேட்கும்வரை அவள் திரும்பவில்லை. கேட்டதும் திரும்பினாள். உன்னைப் பார்த்தாள், நீ ஏதாவது சொல்லுவாயா என்று. நீ மழையைப் பற்றிச் சொன்னாய். மூன்று தரத்தில் மூன்று தரமும்.

முடிவு: ஓம்.

அப்பா